ஒன்பது விரல்

1

அம்மாவின் முதலாம் ஆண்டுப் பூசை போன மாதம் தங்கச்சிமடத்தில் நடந்தது. அதே நேரத்தில் நான் கொழும்பில், கொட்டாஞ்சேனைக் குழாயடியில், வாளியோடு நின்றுகொண்டிருந்தேன். பூசை காலை ஆறு மணிக்கு என்று தம்பி மிக்கேல் முன்கூட்டியே எழுதியிருந்தான். எங்கள் வரிசை வீடுகளுக்குத் தண்ணீர் வருவதும் ஆறு மணிக்குத்தான். பன்னிரண்டு வீட்டுக்கு ஒரு குழாய். பிந்திப் போனால் அன்றைக்கு உலை வைக்க முடியாது. ஆகவே பெற்ற தாயின் ஆண்டுப் பூசைக்கு, வாளி நகர நகர அருள் நிறை மந்திரம் சொல்லி முடித்துக்கொண்டேன். முன்னால் நின்ற சிங்களப் பெண், நான் தண்ணீருக்காகத்தான் முணுமுணுக்கிறேன் என்று நினைத்துத் தன் இடத்தை எனக்கு விட்டுக் கொடுத்தாள்.

பத்து நாள் கழித்துத் தம்பியின் கடிதம் வந்தது. யார் யார் வந்தார்கள், எத்தனை பேர் காப்பி குடித்தார்கள் என்றெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் இப்படி எழுதியிருந்தான்:

“பொம்பளையெல்லாம் அந்தப் பிளேன்காரியப் பத்தித்தான் பேசுனாக அக்கா. அவ மட்டும் அன்னைக்கி ஒன்னைய ஏத்திவிட்டிருந்தா அம்மா இம்புட்டுச் சுருக்காப் போயிருக்காதுன்னு சொன்னாக. நல்லா மண்ண வாரித் தூத்துனாக.”

நம் கோயில் வெளியிடும் பங்கு மலருக்கு வெளிநாட்டு வாழ்வைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி சாமியார் கேட்டு ஆறு மாதம் ஆகிறது. காலிமுகத்திடல் கடற்கரை, கண்டி மலை என்று எழுதலாம் என்றிருந்தேன். அதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுத ஆள் இருக்கிறது. இந்தப் பிளேன்காரி விஷயத்தை எழுத என்னைத் தவிர வேறு ஆள் இல்லை. அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. நான்கு வருஷமாக ஊர் வாயில் அவள் அரைபடுகிறாள். அவளை அந்த வாயில் போட்டவள் நான்.

2

நம் பக்கத்துப் பெண்கள் மாதம் எண்ணுகிற விதத்தை நம் பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் பங்கு மலரை ஆண்களும் படிக்கிறார்கள். பத்துப் பிள்ளைக்குத் தகப்பனாகியும் இந்தக் கணக்குத் தெரியாதவர்கள் நம் ஊரில் உண்டு.

கடலுக்குப் போகிறவர்கள் காற்றை வைத்து நாளை எண்ணுவார்கள். வீட்டில் இருக்கிறவர்கள் தமிழ் மாதத்தை வைத்து எண்ணுவார்கள். கடைசியாகத் தலைக்குக் குளித்த மாதம் ஒன்று. அது மாதத்தின் முதல் நாளாக இருந்தாலும் சரி, கடைசி நாளாக இருந்தாலும் சரி, ஒன்றுதான். அடுத்த மாதம் பிறந்தால் இரண்டு. நான் குளித்தது ஆடி இருபதாம் தேதி. ஆகவே ஆடி ஒன்று, ஆவணி இரண்டு, புரட்டாசி மூன்று. இந்தக் கணக்கில்தான் தாய்மார் பத்து மாதம் சுமக்கிறார்கள். ஆஸ்பத்திரிக் கணக்கு வேறு. அவர்கள் வாரம் வாரமாக எண்ணி ஒன்பது மாதத்தோடு முடித்துவிடுவார்கள். எந்தக் கணக்கில் எண்ணினாலும் பிள்ளை பிறப்பது ஒரே நாளில்தான்.

நான் சொல்லப் போவது இரண்டாவது முறை உண்டானபோது நடந்தது. அதற்கு முந்தைய வருஷம் ஒன்று தங்கி, தவறிப் போயிற்று. கொட்டாஞ்சேனையில் ஒரு கல்யாண வீட்டில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் ஒருவர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு எத்தனை மாதம் என்று கேட்டார். எனக்கு ஐந்து நடந்துகொண்டிருந்தது. சுற்றிலும் முன்பின் தெரியாத ஆட்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. மூன்று என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரமே எல்லாம் முடிந்துவிட்டது.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அம்மா சொல்லச் சொல்ல மிக்கேல்தான் எழுதுவான். விஷயம் தெரிந்ததும் அம்மா கேட்டு எழுதிய முதல் கேள்வி, “யாருகிட்டயாச்சும் மாசத்தக் குறைச்சுச் சொன்னியா?” என்பதுதான். நான் மறைக்காமல் ஆமாம் என்று எழுதினேன். அதற்கு வந்த பதில் இன்னும் என்னிடம் இருக்கிறது. “நீ வாயால குறைச்ச. அது வயித்துல குறைஞ்சு போச்சு.” அவ்வளவுதான். ஆறுதலாக ஒரு வார்த்தை இல்லை.

நான் எட்டாம் வகுப்பு வரை கன்னியர் மடத்தில் படித்தவள். இதெல்லாம் வெறும் மூடநம்பிக்கை என்று கன்னியர் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். நானும் நாலு பேருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். ஒன்றை இழந்த பிறகு யாருக்கும் சொல்லவில்லை.

3

தாய்வீட்டுக்கு ஏழில் கூப்பிடுவார்கள், அல்லது ஒன்பதில் கூப்பிடுவார்கள். எட்டில் பயணம் கிடையாது. எனக்கு ஏழு என்பது தை மாதம். தை பிறந்ததும் ரயிலேறித் தலைமன்னார் போய், அங்கே கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கினால் மிக்கேல் வந்து நிற்பான். அப்படித்தான் பேசி வைத்திருந்தோம்.

மார்கழியில் புயல் வந்தது. அதைப் பற்றி உங்களுக்கு நான் எழுதுவது சரியாக இருக்காது. நீங்கள் அதற்குள் இருந்தீர்கள். நான் பக்கத்து வீட்டு வானொலியில் கேட்டுக்கொண்டிருந்தேன். கப்பல் இல்லை, இறங்கும் துறை இல்லை, தண்டவாளம் இல்லை, பாலம் முறிந்துவிட்டது என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். அம்மாவும் தம்பியும் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரிவதற்குள் தை பிறந்துவிட்டது.

மாசி எட்டாம் மாதம். அது காத்திருப்பதிலேயே போனது. பாலத்தைச் சரி பண்ணி ரயில் விடப் போகிறார்கள் என்று மாசிக் கடைசியில் செய்தி வந்தது. பங்குனி முதல் தேதி திருச்சிக்கு ஒரு விமானம் இருந்தது. என் வீட்டுக்காரர் புறக்கோட்டையில் ஒரு கருவாட்டு மண்டியில் கணக்குப்பிள்ளை. அதிகம் பேசாத மனிதர். முதலாளியிடம் பேசி அந்த விமானத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். முப்பத்திரண்டு வாரம் தாண்டிய கர்ப்பிணிகளை ஏற்றமாட்டார்கள், டாக்டர் காகிதம் வேண்டும் என்று டிக்கெட் கொடுத்த இடத்தில் சொல்லியிருந்தார்கள். காகிதமும் வாங்கினார். முப்பத்தொரு வாரம், ஆரோக்கியமாக இருக்கிறாள், பயணம் செய்யலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

புறப்படுவதற்கு நான்கு நாள் முன்னால் அம்மாவின் கடிதம் வந்தது. புயலில் எங்கள் வீட்டுக் கூரை முழுக்கப் போயிருந்தது. ஊரில் பாதிப் பேர் வானத்தைப் பார்த்துப் படுத்திருந்த நேரம். அம்மா எங்கெங்கோ அலைந்து ஓலை கொண்டுவந்து, ஒரே ஒரு அறைக்கு மட்டும் கூரை போட்டிருந்தாள். அந்த அறையை மெழுகிப் பூட்டி வைத்துவிட்டு, அம்மாவும் தம்பியும் வெளியில் படுத்துக்கொண்டார்கள். அது எனக்குப் பேறு பார்க்கிற அறை. திருச்சிக்கு அம்மாவே நேரில் வருவதாக எழுதியிருந்தது. ராமநாதபுரத்துக்கு மேற்கே அதுவரை ஒரு அடி வைக்காதவள். கடிதத்தின் கடைசி வரிகள் இவை:

“வழியில ஆயிரம் பேரு கேப்பாக. யாரு கேட்டாலும் மாசத்தக் குறைச்சுச் சொல்லாத. கும்புட்டுக் கேக்குறேன். உள்ளத உள்ளபடி சொல்லிட்டு வா.”

4

ரத்மலானை விமான நிலையத்துக்குப் போகிற வழியில் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

“அங்க கேட்டா ஏழுன்னு சொல்லு புள்ள.”

“ஒம்பது பொறந்துருச்சுல்ல. இன்னைக்கிப் பங்குனி ஒண்ணு.”

“அது நம்ம கணக்கு. அவுகளுக்கு ஏழுதான். காயிதத்துலயும் அதத்தான் எழுதியிருக்கு. பொய்யொண்ணும் இல்ல.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சரி என்று எடுத்துக்கொண்டார்.

கவுண்டரில் பெட்டிக்கு எடை பார்த்தார்கள். பெட்டிக்குப் பிறகு பயணிகளையும் ஒவ்வொருவராகத் தராசில் ஏற்றினார்கள். சின்ன விமானம், எல்லாம் கணக்காக இருக்க வேண்டுமாம். நான் ஏறியபோது முள் போய் நின்ற இடத்தைப் பார்த்து வரிசையில் யாரோ சிரித்தார்கள். கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாகத்தான் இருக்கும். யாழ்ப்பாணத்துப் பேச்சு. நெற்றியில் சின்னதாக விபூதிக் கீற்று. ஊரில் நீங்கள் பேசிக்கொள்கிற மாதிரி அவள் உதட்டுச் சாயம் பூசி, காலுக்கு மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கவில்லை. அந்தச் சாயத்தை ஊரில் யாரோ பூசிவிட்டார்கள்.

“குறை நினைக்காதேங்கோ அக்கா,” என்று மெதுவாகக் கேட்டாள். “எத்தினை மாசம்?”

“ஒம்பது,” என்றேன்.

என் வீட்டுக்காரர் அவசரமாகக் காகிதத்தை நீட்டினார். “இல்லம்மா, ஏழு. டாக்டர் காயிதம் இருக்கு பாருங்க.”

அவள் படித்தாள். அவள் முகம் தெளிந்தது. “முப்பத்தொரு கிழமை. அப்ப ஏழு மாசம்தானே அக்கா? போகலாம். ஒரு பிரச்சினையும் இல்லை.” ஒரு படிவத்தை எடுத்தாள். “இதில பயணி தன்ரை வாயால சொன்னது எண்டு ஒரு கட்டம் இருக்கு. உங்களிட்டைக் கேட்டு எழுதி, நீங்கள் கையெழுத்து வைக்கோணும். ஏழெண்டு போடட்டே?”

நான் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டேன். மறுபடி கேட்டாள். ஒம்பது என்றேன்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். பின்னால் வரிசை நெளிய ஆரம்பித்தது. வேட்டி கட்டிய வியாபாரி ஒருவர், “பொம்பளை விவகாரமெல்லாம் வீட்டுல பேசிட்டு வரக் கூடாதா?” என்று கத்தினார். அந்தப் பெண் அவரைச் சட்டை பண்ணாமல் என் பக்கம் குனிந்தாள்.

“அக்கா, என்ரை அம்மாவும் உங்களை மாதிரித்தான் எண்ணுறவ. எனக்கு விளங்குது. ஏழெண்டு ஒருக்கால் சொன்னால் காணும். நீங்கள் ஒம்பதெண்டு சொல்லி நான் ஏழெண்டு எழுத ஏலாது. என்ரை வேலை போயிடும்.”

இதைவிட ஒரு மனுஷி என்ன செய்ய முடியும்? நான்கு வருஷமாக இந்தக் கேள்வியை நான் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். வேறு யாராவது என்றால் ஒன்பது என்று சொன்ன உடனே, போ என்று பெட்டியைத் தள்ளிவிட்டிருப்பார்கள். அவள் எனக்காக வாசலைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து பெரிய அதிகாரி வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. அந்தப் பெண் இங்கிலீஷில் என்னவோ சொன்னாள்; டாக்டர் காகிதத்தைக் காட்டினாள்; எனக்காகத்தான் பேசினாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, ஒரு கையில் ஐந்து விரலும் மறு கையில் இரண்டு விரலும் நீட்டி, தலையை ஆட்டிக் கேட்டார். ஏழா என்கிறார்.

நான் தலையை அசைத்திருந்தால் போதும். வாயால் சொல்ல வேண்டாம். பொய் என்றுகூட அதற்குப் பெயர் இல்லை. பிள்ளை அப்போது ஒரு பக்கமாக உருண்டு விலாவில் இடித்தது. எனக்குக் கல்யாண வீடு ஞாபகம் வந்தது. என் இரண்டு கையையும் தூக்கினேன். ஒரு கட்டை விரலை மட்டும் மடக்கிக்கொண்டு ஒன்பது விரலைக் காட்டினேன்.

அவர் படிவத்தில் ஒன்பது என்று எழுதி ஒரு கோடு கிழித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் என் வீட்டுக்காரர் கத்தினார். அதிகம் பேசாத மனிதர் அன்றைக்குப் பேசியதை எழுத முடியாது. என்னிடம் கத்தவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி மேல் கோபத்தைக் காட்ட முடியுமா? அந்தப் பெண்ணைப் பார்த்துக் கத்தினார். “ஒரு பொண்ணாப் பொறந்து இப்புடிச் செய்வியா? நீ நல்லா இருப்பியா?” அந்தப் பெண்ணுக்குக் கண் நிறைந்துவிட்டது. தராசிலிருந்து எங்கள் பெட்டியைத் தானே தூக்கி இறக்கி வைத்தாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இவள் செய்யவில்லை, நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

டாக்ஸியில் திரும்பும்போது, “ஊருக்கு என்னன்னு தந்தி குடுக்க?” என்று கேட்டார்.

“அந்தப் பொண்ணு ஏத்தலன்னு குடுங்க,” என்றேன்.

அம்மாவின் கடிதம் என் கைப்பையில் இருந்தது. நீ எழுதச் சொன்ன வரியால்தான் நான் நின்றுபோனேன் என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது? ஒரு பெயர் தெரியாத பெண் மேல் போட்டுவிட்டால் யாருக்கும் வலிக்காது என்று நினைத்தேன். முழுக்க அம்மாவுக்காகச் செய்தேன் என்றால் அது இன்னொரு பொய். எனக்கும் அது வசதியாக இருந்தது.

5

தந்தி தங்கச்சிமடத்துக்குப் போயிற்று. அம்மா முந்தின நாளே மிக்கேலோடு திருச்சிக்குக் கிளம்பிவிட்டாள்.

அங்கே நடந்ததை மிக்கேல் பிறகு எழுதினான். விமானம் இறங்கி, எல்லாரும் படியில் இறங்கி வெளியே வந்தார்கள். என் பின்னால் நின்று கத்திய வியாபாரிகூட வந்திருப்பார். அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். கடைசி ஆளும் போன பிறகு தடுப்பில் நின்ற காவலாளியிடம் போய்ச் சொன்னாளாம்:

“எம்மவ உள்ள இருக்கா அய்யா. வயித்துப் பிள்ளைக்காரி, அசந்து ஒறங்கியிருப்பா. கொஞ்சம் எழுப்பிவிடுங்க.”

உள்ளே ஒருவரும் இல்லை என்று அவர் சொன்னார். அம்மா நம்பவில்லை. “நான் போயி எழுப்பிக்கிறேன். நீங்க செரமப்பட வேணாம்,” என்று தடுப்பைத் தாண்டிக் காலை வைத்துவிட்டாள். இரண்டு பேர் வந்து பிடித்தார்கள். சத்தம் போட்டால் போலீசைக் கூப்பிடுவோம் என்றார்கள். கூப்பிடு என்று அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். விமானத்தைக் கூட்டிப் பெருக்க ஏறிய ஆள் இறங்கி வந்து, “நானே சீட்டு சீட்டாப் பாத்துட்டேன், யாரும் இல்ல தாயி,” என்று சொன்ன பிறகுதான் எழுந்தாளாம்.

அடுத்த விமானம் வரை மூன்று நாள் அங்கேயே ஒரு சத்திரத்தில் இருந்தார்கள். அதிலும் நான் இல்லை. ஊருக்குத் திரும்பியதும் தந்தியைப் பார்த்தார்கள். அன்றைக்குத்தான் அம்மாவின் வாயில் அந்தப் பிளேன்காரி பிறந்தாள்.

அதற்கடுத்த விமானத்தில் நான் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். படிவத்தில் ஒன்பது என்று ஏறிவிட்டது. அதை மாற்றப் பெரிய ஆஸ்பத்திரியில் வேறு காகிதம் வாங்கி வரச் சொன்னார்கள். அதை வாங்குவதற்குள் இரண்டு வாரம் ஓடிவிட்டது. அப்போது டாக்டர் கணக்கிலேயே முப்பத்துமூன்று வாரம். யார் எண்ணினாலும் நான் ஏற முடியாதவள் ஆகிவிட்டேன்.

6

சித்திரைக் கடைசியில் மகள் பிறந்தாள். குறையொன்றும் இல்லாத முழுப் பிள்ளை. பக்கத்துக் கட்டில்காரிகளுக்கெல்லாம் தாய் வந்தாள், மாமி வந்தாள். எனக்கு என் வீட்டுக்காரர் கருவாட்டு வாசத்தோடு வந்து, கட்டிலுக்கு இரண்டு அடி தள்ளி நின்றுவிட்டுப் போவார். தாதிப் பெண் சிங்களத்தில் கேட்ட எல்லாவற்றுக்கும் நான் தலையை ஆட்டினேன். ஒரு நாள் அப்படித் தலையாட்டிப் பிள்ளைக்கு இரண்டு தடவை குளிப்பாட்டல் நடந்துவிட்டது.

ஊரில் அந்த அறை பூட்டியே கிடந்தது. மழைக்காலம் வந்தபோதுதான் அம்மா அதைத் திறந்தாளாம். தாய்வீட்டில் பிறந்திருந்தால் அம்மா மூன்று மாதமாவது பிள்ளையைக் கையில் வைத்திருப்பாள். அந்த மூன்று மாதம்தான் என் ஒன்பது விரலில் போனது.

பிறகு அம்மாவே கொழும்பு வர ஆசைப்பட்டாள். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டார்கள். பிறந்த தேதி கேட்டார்கள். கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தில் ஒரு பெயர், ரேஷன் அட்டையில் வேறு பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று எழுதி வாங்கப் பல மாதம் ஆனது. எழுதி வாங்கிக் கொடுத்தால் போட்டோ பழசாகிவிட்டது, வேறு எடுத்து வா என்றார்கள். நான் இங்கிருந்து போகலாம் என்றால், மகள் பிறந்த பிறகு எங்கள் விசா ஒவ்வொரு வருஷமும் இழுபறி. கோப்பு மேசையில் இருக்கும்போது நாட்டை விட்டுப் போனால் திரும்ப விடுவார்களா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை. போனால் பிள்ளையும் நானும் அங்கே, இவர் இங்கே. ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் என்று எழுதினேன்.

மகளுக்கு இப்போது நான்கு வயது நெருங்குகிறது. என்னைச் சிங்களப் பிள்ளைகளைப் போல அம்மே என்று கூப்பிடுகிறாள். பசித்தால் ரொட்டியைப் பாண் என்று கேட்கிறாள். நாங்கள் இருவரும் ஊர்ப் பேச்சுப் பேசினால் எங்கள் வாயையே பார்க்கிறாள். அம்மா பாஸ்போர்ட்டுக்காக எடுத்த போட்டோவில் ஒன்றை அனுப்பியிருந்தாள். அதைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். இது யார் என்று கேட்டால் சொல்கிறாள். நாம் கேட்டால்தான் சொல்கிறாள். தானாக ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அவளைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

ஒரு தடவை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரத்மலானைக்குப் போனேன். அந்தப் பெண்ணைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. கவுண்டரில் வேறு ஆள் இருந்தார். முன்பு இருந்தவரைக் கேட்டேன். பெயர் என்ன என்றார். பெயர் தெரியாது என்றேன். அவர் என் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டுவிட்டார்.

7

அம்மா படுத்த படுக்கையான பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலும் தம்பியின் வார்த்தைதான் இருக்கும். ஒன்றில் மட்டும் அம்மாவின் வார்த்தை இருந்தது.

“மகளே ஆரோக்கியம், ஒண்ணு கேக்கணும்னு மனசுல கெடக்கு. அன்னைக்கி அந்தப் பிள்ள ஒன்கிட்ட மாசம் கேட்டுச்சா? நீ என்ன சொன்ன? நான் எழுதுன எழுத்தாலயா நீ வராமப் போன?”

மூன்று வருஷம் அந்தப் பெண்ணைத் திட்டிக்கொண்டே உள்ளுக்குள் இதையும் வைத்திருந்திருக்கிறாள். கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுக்க நான் ஒரு வேலையும் செய்யவில்லை. மறுநாள் உட்கார்ந்து பதில் எழுதினேன். நான் ஏழு என்றுதான் சொன்னேன் அம்மா, அப்படிச் சொல்லியும் அந்தப் பெண் ஏற்றவில்லை, உன் கடிதத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே என்று எழுதினேன். என் மகள் பிறந்து நடந்து ஓடித் திரிகிறாள். இனி ஏழு என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று என்னை நானே தைரியப்படுத்திக்கொண்டேன்.

ஊர்ப் பெண்களே, உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் பெண்ணை விட்டுவிடுங்கள். அவள் மூன்று தடவை கேட்டாள். என் வீட்டுக்காரர் சாபம் விட்டபோதும் என் பெட்டியைத் தூக்கி இறக்கி வைத்தாள். இனிப் பேச வேண்டுமென்றால் என்னைப் பேசுங்கள்.

அம்மாவுக்கு நான் எழுதியதற்குத் தம்பியின் பதில் மூன்று வாரம் கழித்து வந்தது.

“நீ எழுதுனத அம்மாவுக்கு வாசிச்சேன் அக்கா. ஏழுன்னு சொன்னேன்னு வந்த எடத்துல கையக் காட்டி நிப்பாட்டுச்சு. திரும்பப் படிடான்னுச்சு. படிச்சேன். அவ சொல்லியிருக்க மாட்டாடா, ஒம்பதுன்னுதான் சொல்லியிருப்பா, நான் கும்புட்டுல்ல எழுதுனேன்னு சொல்லிச்சு. பெறகு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிருச்சு. அன்னைக்கிக் கஞ்சி குடிக்கல. அதுக்கப்புறம் அந்தப் பிளேன்காரியத் திட்டவும் இல்ல.”

அந்தக் கடிதத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே, அம்மா போய்விட்டாள் என்று தந்தி வந்திருந்தது.